கார்பன் சக்கரமும் பக்கக்காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தய சைக்கிள்களுக்கான ஆழமான கார்பன் சக்கரங்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். அவற்றால் எவ்வளவு வேகம் கூடும், எவ்வளவு எடை குறையும் என்பதை அக்கட்டுரை தெளிவாக எடுத்துச் சொன்னது. ஆனால், பக்கக்காற்று என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட வரவில்லை. அதே வாரத்தில்தான் நானும் அத்தகைய சக்கரங்களை முதன்முறையாக என் சைக்கிளில் மாட்டி 46 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருந்தேன். அந்தப் பயணத்தில் என் கவனத்தில் பாதிக்கு மேல் பக்கக்காற்றிலேயே போனதால், அந்த விடுபாட்டைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. இச்சக்கரங்களை வாங்க நினைக்கும் இளைஞர்கள் பலர் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒப்பீட்டின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக நான் ஓட்டி வந்தவை 24 மில்லிமீட்டர் ஆழமுள்ள அலுமினிய ரிம்கள். புதியவை முன்னும் பின்னும் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள கார்பன் ரிம்கள். ஆழம் என்று இங்கே சொல்வது, டயர் உட்காரும் வெளிவிளிம்பிலிருந்து ஆரக்கம்பிகள் நுழையும் உள்விளிம்பு வரை ரிம்முக்கு உள்ள உயரத்தை. டயர் இல்லாமல் என் தராசில் நிறுத்தபோது பழைய இணை 1,850 கிராம், புதிய இணை 1,480 கிராம். இரண்டிலும் ஒரே வகை, ஒரே அளவு டயர், ஒரே சைக்கிள், ஒரே பாதை. என் எடை 58 கிலோ. இந்தக் கடைசி எண் பின்னால் வரப்போகும் செய்திக்கு முக்கியமானது என்பதால் அதையும் குறிப்பிடுகிறேன்.

சக்கரத்தை மாட்டும் வேலையிலேயே முதல் பாடம் தொடங்கிவிட்டது. என் கையில் இருந்த டியூப்களின் வால்வு 48 மில்லிமீட்டர் நீளம். 50 மில்லிமீட்டர் ரிம்முக்குள் அது முழுவதும் மறைந்துபோய், பம்பைப் பொருத்த வெளியே ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த ஆழத்துக்கு 80 மில்லிமீட்டர் வால்வு தேவைப்படுகிறது. சாதாரண வால்வுள்ள மாற்று டியூபைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுபவர் நடுவழியில் பஞ்சரானால் காற்றடிக்க வழியின்றி நிற்க நேரிடும். இவ்வளவு எளிய குறிப்புகூடச் சக்கரம் வந்த பெட்டிக்குள் இல்லை. ரிம்மின் உள் அகலம், பொருந்தும் டயர் அளவுகள், காற்றழுத்த வரம்பு, ஓட்டுபவரின் எடை வரம்பு ஆகிய எதுவும் அச்சிட்ட தாளாக அதில் வைக்கப்படவில்லை. வேகத்தைப் பற்றிய வாசகங்கள் மட்டும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருந்தன. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டு, விவரம் வந்த பிறகே நான் டயரை ஏற்றினேன்.

அப்படிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பழைய ரிம்மின் உள் அகலம் 17 மில்லிமீட்டர். புதியதற்கு 23 மில்லிமீட்டர். 28 என்று பக்கவாட்டில் அச்சிட்ட அதே டயர், பழைய ரிம்மில் 27.5 மில்லிமீட்டருக்கு நின்றது. புதிய ரிம்மில் 30 மில்லிமீட்டருக்கு விரிந்தது. மேலும் இந்த ரிம்மின் உட்சுவரில், டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி வடிவம் கிடையாது. சுவர் நேராக ஏறுகிறது. அத்தகைய ரிம்களுக்கு 5 பார், அதாவது சுமார் 72.5 பிஎஸ்ஐ என்பதே பன்னாட்டுத் தர அளவின்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம். ஒல்லியான டயரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் அடித்துப் பழகிய ஒருவர் அதே பழக்கத்தில் இதிலும் அடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வெளியேறக்கூடும். சைக்கிள் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் விளைவு என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ரிம்முக்கு ஏற்றது என்று டயர் தயாரிப்பாளரே அறிவித்த டயரை மட்டுமே போட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த விதி. என் எடைக்கு முன்சக்கரத்தில் 58, பின்சக்கரத்தில் 62 பிஎஸ்ஐ போதுமாக இருந்ததால் வரம்புக்கு மிகவும் கீழேயே நின்றேன்.

பயணத்தின் முதல் சில நூறு மீட்டர்களில் ஆரக்கம்பிகளிலிருந்து 'டிங், டிங்' என்ற சத்தம் கேட்டது. புதிய சக்கரத்தில் இது அச்சப்பட வேண்டியதன்று. கம்பியை முறுக்கி இறுக்கும்போது அதில் எஞ்சிவிடும் திருகல், முதன்முறை பாரம் ஏறி இறங்கும்போது விடுபடுவதால் எழும் ஒலி அது. சிறிது தூரத்தில் நின்றுவிட்டது. அதன் பிறகு நிலைத்து நின்றது வேறொரு ஒலி. ரிம்மின் உட்புறம் ஒரு நீண்ட வெற்று அறை. சாலையின் சொரசொரப்பு அதற்குள் புகுந்து, தூரத்தில் அருவி விழுவதுபோல் ஒரு தாழ்ந்த முழக்கமாகக் காதில் விழுகிறது. மிதிப்பதை நிறுத்தியதும் ஃப்ரீவீலின் 'கிர்ர்' சத்தமும் பழைய சக்கரத்தைவிட உரக்கக் கேட்கிறது. இந்த முழக்கம் கேட்கும்போது உண்மையில் உள்ளதைவிட வேகமாகப் போவதாக மனம் நம்பிவிடுகிறது. எனக்கும் அது நேர்ந்தது; ஹேண்டில்பாரில் இருந்த கருவியைப் பார்த்த பிறகே என் கணிப்பு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக இருந்தது தெரிந்தது. முதல் பயணத்தை முடித்துவிட்டு 'பறக்கிறது' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு காதின் சாட்சியம்.

இனி வேகத்துக்கு வருகிறேன். சமதளத்தில் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியில், பெடலில் பொருத்திய திறன் அளவியைப் பார்த்து 170 வாட்டில் நிதானமாக மிதித்தேன். பழைய சக்கரங்களில் இதே திறனுக்கு எனக்குச் சராசரியாகக் கிடைத்து வந்தது மணிக்கு 32.6 கிலோமீட்டர். அன்று கிடைத்தது 33.1. வித்தியாசம் அரை கிலோமீட்டர். இதை முழுவதுமாகச் சக்கரத்தின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. இதையே திருப்பிப் பார்த்தால், மொத்தக் காற்றுத் தடையில் 3 விழுக்காடு குறைந்தாலும் வேகத்தில் கிடைப்பது ஏறக்குறைய 1 விழுக்காடுதான். நான் ஓட்டும் வேகத்தில் அது மணிக்கு 0.3 கிலோமீட்டர். எஞ்சியது அன்றைய காற்றின் திசையாலோ, வெப்பநிலையாலோ, நான் அறியாமல் சற்றுக் கூடுதலாகக் குனிந்து உட்கார்ந்ததாலோ வந்திருக்கலாம். ஒரே ஒரு பயணத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

ஆனாலும் அந்த ஒரு விழுக்காட்டை நான் அற்பமாகக் கருதவில்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 40 கிலோமீட்டர் தனிநேரப் போட்டியில், அதாவது ஒவ்வொருவரும் தனியே ஓட்டி நேரத்தை ஒப்பிடும் போட்டியில், ஓடுபவருக்கு மொத்த நேரம் 4,000 வினாடி. அதில் ஒரு விழுக்காடு 40 வினாடி. 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைக் கிரெக் லெமாண்ட் வென்றது மூன்று வாரப் பந்தயத்தின் முடிவில் வெறும் 8 வினாடி வித்தியாசத்தில். அதுவும் கடைசி நாளின் 24.5 கிலோமீட்டர் தனிநேர ஓட்டத்தில், காற்றைக் கிழிக்கும் ஹேண்டில்பாரின் துணையோடு. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1984 ஜனவரியில், ஃபிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ நகரத்தில், ஆரக்கம்பிகள் தெரியாமல் தட்டுபோல் மூடிய முழுத்தட்டுச் சக்கரங்களைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். சக்கரத்தின் வடிவம் ஆட்டத்தை மாற்றும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் மோசர் ஓட்டியது பந்தயத்துக்கென்றே அமைத்த வட்டப் பாதையில்; எதிரே லாரியும் வரவில்லை, பாலத்தின் மேல் திடீர்க் காற்றும் அடிக்கவில்லை. தங்கள் வாசகர்கள் ஓட்டப்போவது திறந்த சாலையில்.

அந்தத் திறந்த சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பாதையின் 19ஆவது கிலோமீட்டர் வரை இருபுறமும் அடர்ந்த மரங்கள். அங்கே புதிய சக்கரங்கள் எந்தக் குறையும் இல்லாமல் சீராக ஓடின. பழையவற்றுக்கும் இவற்றுக்கும் கைப்பிடியில் வேறுபாடே தெரியவில்லை. மரங்கள் முடிந்து ஒரு நீண்ட பாலம் தொடங்குகிறது. பாலத்தின் மேல் ஏறிய கணத்தில் இடப்பக்கமிருந்து வீசிய காற்று முன்சக்கரத்தைப் பிடித்து வலப்பக்கம் திருப்பியது. யாரோ ஒருவர் ஹேண்டில்பாரின் ஒரு முனையைப் பிடித்துச் சுண்டிவிட்டதுபோல் இருந்தது. நான் சுமார் ஒரு முழம் வலப்புறம் நகர்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் பின்னால் வாகனம் எதுவும் இல்லாதது என் நல்வினை. உடனே நான் செய்தது தவறான காரியம்: கைகளை இறுக்கி ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்ததும் காற்றின் ஒவ்வொரு அசைவும் என் தோள்வரை ஏறி, உடல் முழுவதும் சேர்ந்து ஆடத் தொடங்கியது. பாலத்தின் நடுப்பகுதியில்தான், முழங்கையை மடக்கி, பிடியைத் தளர்த்தி, எடையைச் சற்று முன்னால் கொண்டுவந்து, மிதிப்பதை நிறுத்தாமல் ஓட்டினால் சைக்கிள் தானாகவே நேராகிறது என்பதைக் கண்டேன். அன்று காற்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய சக்கரங்களில் இதே பாலத்தை இதைவிடப் பலத்த காற்றில் பலமுறை கடந்திருக்கிறேன்.

இதன் காரணத்தைப் பின்னர் உட்கார்ந்து கணக்கிட்டேன். 24 மில்லிமீட்டர் ரிம் பக்கவாட்டில் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறக்குறைய 460 சதுர சென்டிமீட்டர். 50 மில்லிமீட்டர் ரிம் காட்டுவது 900 சதுர சென்டிமீட்டருக்கும் மேல். ஆக, பரப்பு இரண்டு மடங்காகிறது. ஆனால் பரப்பு மட்டுமே சிக்கலாக இருந்தால் சைக்கிள் மொத்தமும் பக்கவாட்டில் சற்றுச் சாய்ந்திருக்கும், ஹேண்டில்பார் திரும்பியிருக்காது. சாய்வான கோணத்தில் வரும் காற்று, சக்கரத்தின் முன்பாதியில் பின்பாதியைவிட வலுவாகத் தள்ளுகிறது. விமான இறக்கையில் முன்விளிம்பை ஒட்டிய பகுதியே அதிக விசையைத் தாங்குவதற்கு ஒப்பானது இது. அதனால் விசையின் மையம் ஹேண்டில்பார் திரும்பும் அச்சுக்கு முன்னால் விழுகிறது. அது முன்சக்கரத்தைக் காற்று போகும் திசைக்குத் திருப்பிவிடுகிறது. பின்சக்கரத்துக்குத் திரும்பும் அச்சே கிடையாது. ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியும் அதன்மேல்தான் இருக்கிறது. எனவே பின்சக்கரம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது சைக்கிளைத் தள்ளுமே தவிர, திசைதிருப்பாது.

என் எடையைச் சொன்னது இதற்காகத்தான். 80 கிலோ எடையுள்ள ஒருவரை அசைக்கும் காற்றும் 58 கிலோ எடையுள்ள ஒருவரை அசைக்கும் காற்றும் ஒன்றல்ல. ரிம்மின் பரப்பு இருவருக்கும் ஒன்றே. அதை எதிர்த்து நிற்கும் எடைதான் வேறு. எடை குறைந்தவர்களும், உயரம் குறைந்து சிறிய சட்டகம் ஓட்டுபவர்களும், பந்தயத்துக்குப் புதிதாக வரும் பதின்பருவத்தினரும் பக்கக்காற்றால் அதிகம் அலைக்கழிக்கப்படுகிறார்கள். 'தொழில்முறை வீரர் 60 மில்லிமீட்டரில் ஓட்டுகிறார்' என்ற விளம்பரத்தைப் பார்த்து முதலில் மயங்குபவர்களும் பெரும்பாலும் இவர்களே. இது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

ஆழம் ஒன்றை மட்டும் வைத்து எல்லாச் சக்கரங்களையும் ஒரே தட்டில் நிறுப்பதும் சரியன்று. ரிம்மின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தொடக்கக்கால ஆழ ரிம்கள் ஆங்கில 'வி' எழுத்தைப்போல் உள்விளிம்பில் கூர்ந்திருந்தன. சக்கரத்தின் முன்பாதியில் காற்றை முதலில் சந்திப்பது டயர். பின்பாதியிலோ காற்று சக்கரத்தின் உட்பக்கமிருந்து வருவதால், ஆரக்கம்பிகள் நுழையும் அந்தக் கூரான விளிம்பே அதை முதலில் சந்திக்கிறது. கூரான விளிம்பின்மேல் சாய்வாக மோதும் காற்று ஒட்டி ஓடாமல் சட்டென்று பிரிந்துபோகிறது. பிரிந்ததும் பின்பாதியில் விசை குறைகிறது. முன்பாதியின் தள்ளலுக்கு ஈடு இல்லாமல் போகிறது. ஹேண்டில்பார் திடீரெனச் சுண்டுகிறது. உள்விளிம்பை 'யு' எழுத்தைப்போல் உருண்டையாகவும் பருமனாகவும் அமைத்தால் பின்பாதியிலும் காற்று நெடுநேரம் ஒட்டி ஓடி, இரு பாதிகளின் விசையும் ஏறத்தாழச் சமமாகிறது. பருத்த வடிவத்தின் இந்தப் பயனை உணர்ந்து வளர்த்தெடுத்த முன்னோடிகளில் 2014இல் மறைந்த அமெரிக்கரான ஸ்டீவ் ஹெட் முதன்மையானவர். என் புதிய சக்கரங்களும் உருண்ட உள்விளிம்பு கொண்டவைதாம். இந்த வடிவத்திலேயே பாலத்தின்மேல் ஒரு முழம் நகர்ந்தேன் என்றால், பழைய கூர்விளிம்புச் சக்கரங்களை ஒருவர் பழையதாக வாங்கி மாட்டும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதைத் தாங்களே உணரலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கக்காற்று எப்போதும் பகையன்று. மணிக்கு 36 கிலோமீட்டரில் ஓடும் சைக்கிளுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து மணிக்கு 5 கிலோமீட்டர் காற்று வந்தால், ஓட்டுபவர் உணரும் காற்று ஏறக்குறைய 8 பாகைக் கோணத்தில் வருகிறது. அதே காற்று 10 கிலோமீட்டரானால் கோணம் 15 பாகையைத் தாண்டுகிறது. மிதமான கோணங்களில் ஆழமான ரிம் ஒரு பாய்மரத்தைப்போல் வேலை செய்து தன் தடையைக் குறைத்துக்கொள்கிறது. பாலத்தைக் கடந்த பிறகு வந்த வயல்வெளிச் சாலையில், காற்று இலேசாக ஒரே சீராகப் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தபோது, இதை நான் உணர்ந்தேன். அன்றைய பயணத்தில் மிக இன்பமான பகுதி அந்த ஆறு கிலோமீட்டர்தான். அளவியில் வாட் ஏறவில்லை, மூச்சு வாங்கவில்லை, சக்கரத்தின் முழக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது. கோணம் ஒரு வரம்பைத் தாண்டியதும் காற்று ரிம்மைவிட்டுப் பிரிந்து, அந்த ஆதாயம் மறைந்து, தடுமாற்றம் மட்டும் மிஞ்சுகிறது. மேலும், மெதுவாக ஓட்டுபவருக்கு அதே காற்று இன்னும் பெரிய கோணத்தில் வருகிறது: மணிக்கு 25 கிலோமீட்டரில் செல்பவருக்கு, 10 கிலோமீட்டர் பக்கக்காற்று 21 பாகைக்கும் மேல். ஆகவே வேகமான வீரருக்கு ஆதாயம் தரும் அதே காற்று, தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தடுமாற்றத்தை மட்டும் தரக்கூடும்.

எனக்கு அதிகம் தொல்லை தந்தது சீராக வீசும் காற்றன்று; நின்று நின்று வீசும் காற்று. மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, கட்டடத்தின் மூலை, பாலத்தின் தொடக்கம், வேகமாகக் கடந்து செல்லும் லாரி ஆகியவையே அந்த இடங்கள். லாரி நெருங்கும்போது அதன் முகப்பு தள்ளும் காற்று சைக்கிளை வெளிப்பக்கம் ஒதுக்குகிறது. உடலின் நீளம் கடக்கும்போது இயற்கைக் காற்று மறைக்கப்படுகிறது. கடந்து முடிந்ததும் மறைந்திருந்த காற்று ஒரேயடியாகத் திரும்பி வருகிறது. ஆழமான முன்சக்கரம் இந்த மூன்றையும் மூன்று தனித்தனி அடிகளாகக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டு லாரிகளுக்குப் பிறகு, சத்தம் கேட்டதும் சாலை ஓரத்திலிருந்து போதிய இடைவெளி விட்டு, கைப்பிடியைத் தளர்வாகவும் உறுதியாகவும் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

போட்டி அமைப்புகள் இதையெல்லாம் அறியாமல் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த, ஹவாயின் கோனாவில் நடைபெறும் அயர்ன்மேன் உலகப் போட்டியில், அங்கு வீசும் பலத்த பக்கக்காற்றைக் கருதி, முழுத்தட்டுச் சக்கரங்களுக்கு நெடுங்காலம் தடை இருந்தது. உலக சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பான யுசிஐ, கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயங்களில் ரிம்மின் ஆழம் 65 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும் விதியை 2025இல் அறிவித்தது. வீரர்கள் தோளோடு தோள் உரச ஓடும் கூட்டத்தில் ஒருவரின் தடுமாற்றம் பலரைச் சாய்த்துவிடும். ஆண்டு முழுவதும் சைக்கிளிலேயே வாழும் வீரர்களுக்கே ஒரு வரம்பு தேவைப்படுகிறது என்றால், வாரத்துக்கு ஒருமுறை ஓட்டும் நம்மைப் போன்றவர்கள் நமக்கென்று இன்னும் குறைவான ஒரு வரம்பை வகுத்துக்கொள்வதில் இழிவு ஏதும் இல்லை.

ஏற்றத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பாதையில் 5 விழுக்காடு சரிவுள்ள 4 கிலோமீட்டர் ஏற்றம் ஒன்று உண்டு. எனக்கு அது சுமார் 15 நிமிடம். நானும் சைக்கிளும் சேர்ந்து ஏறக்குறைய 68 கிலோ. அதில் புதிய சக்கரங்களால் குறைந்த எடை 370 கிராம். கணக்குப்படி ஐந்து வினாடிக்குள் மிச்சம். சுழலும் எடை இரு மடங்குக்குச் சமம் என்று அடிக்கடி சொல்லப்படுவது வேகத்தைக் கூட்டும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் முழு எடையும் ரிம்மின் விளிம்பிலேயே இருந்தால்தான். சீரான வேகத்தில் ஏறும்போது ஒரு கிராம் எங்கே இருந்தாலும் ஒரு கிராம்தான். வளைவிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் சைக்கிள் சற்று உடனடியாகப் பதிலளித்ததாக உணர்ந்தேன். அது எடையாலா, சக்கரத்தின் விறைப்பாலா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இறக்கத்தில் என் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருப்பதால் ரிம்முக்கு வேலை இல்லை. ஆனால் ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கார்பன் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது ஒரு பிசின். அலுமினியம் வெப்பத்தை விரைவாகப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும்; கார்பன் ரிம்மில் வெப்பம் உராயும் இடத்திலேயே தேங்குகிறது. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் பிசின் இளகி, ரிம்மின் சுவர் புடைக்கவோ அடுக்குகள் பிரியவோ கூடும். கார்பனுக்கென்றே செய்த பிரேக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துவதும், விட்டுவிட்டுப் பிடிப்பதும் இவர்களுக்கு உயிர்காக்கும் பழக்கங்கள். இறக்கத்தில் என் கவலை வேறு. மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவின் வெளிமுனையில் காற்று தட்டியபோது முன்சக்கரம் மறுபடியும் சுண்டியது. அதன் பிறகு எஞ்சிய இறக்கத்தை 40க்கு மேல் போகாமல் இறங்கினேன். ஏற்றத்தில் மிச்சமான வினாடிகளைவிட இங்கே இழந்தவை மிக அதிகம். வேகக் கணக்கில் சேர்க்கப்படாத ஒரு கழிவு இது. கைக்கு நம்பிக்கை இல்லாத சக்கரம், காற்றுச் சுரங்கத்தில் என்ன எண்ணைக் காட்டினாலும், சாலையில் மெதுவான சக்கரமாகிவிடுகிறது.

சொகுசைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பன் சக்கரம் சாலையின் அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று சாலை மென்மையாகத் தோன்றியது உண்மையே. ஆனால் 30 மில்லிமீட்டருக்கு விரிந்த டயரும், பழைய சக்கரத்தில் நான் வைத்திருந்ததைவிடப் பத்து பிஎஸ்ஐ குறைந்த அழுத்தமுமே அதற்குப் போதிய காரணங்கள். ஆழமான ரிம் செங்குத்தாக அமுங்கும் அளவு டயர் அமுங்குவதோடு ஒப்பிட்டால் மிகமிகச் சிறியது. புதிய சக்கரம் வாங்க இயலாதவர்கள், தங்கள் சட்டகம் இடம் கொடுக்கும் வரை அகலமான டயரைப் போட்டு, காற்றைச் சரியாகக் குறைத்தாலே இந்த மென்மையில் பெரும்பகுதியைப் பெற்றுவிடுவார்கள்.

வீடு திரும்பியதும் சக்கரங்களைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு குழியில் பின்சக்கரம் சற்று வலுவாக விழுந்திருந்தது. அலுமினிய ரிம்மாக இருந்தால் நசுங்கல் கண்ணில் பட்டுவிடும். பெரும்பாலும் கோட்டம் எடுத்து ஓட்டிவிடலாம். கார்பன் நசுங்காது, விரிசல் விடும். அவ்விரிசல் மயிரிழைபோல் மெல்லியதாக, வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்தும் இருக்கக்கூடும். விரலால் தடவியும், நாணயத்தால் மெல்லத் தட்டி எங்கேனும் ஒலி மந்தமாக மாறுகிறதா என்று கேட்டும் சோதித்தேன். குறை ஒன்றும் தென்படவில்லை. பின்சக்கரத்தின் இடப்பக்கத்தில் இரண்டு ஆரக்கம்பிகள் மட்டும் தளர்ந்திருந்தன. புதிய சக்கரத்தை முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை கைதேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டி இறுக்கத்தைச் சமன்செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இந்த ஒரு பயணத்துக்குப் பிறகு நான் செய்துகொண்ட முடிவு இது. 50 மில்லிமீட்டர் பின்சக்கரம் என் சைக்கிளில் அப்படியே இருக்கும். முன்சக்கரத்தை 35 மில்லிமீட்டர் ஆழமுள்ளதாக மாற்றிக்கொள்ளப்போகிறேன். முன்னால் ஆழம் குறைந்தும் பின்னால் கூடியும் உள்ள இணைகளைத் தயாரிப்பாளர்கள் பலரும் செய்கிறார்கள். அந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு அந்தப் பாலத்தின்மேல்தான் விளங்கியது. வேகத்தில் ஒரு சிறு பகுதியை இழப்பேன். காற்று வீசும் நாளில் வீட்டிலேயே தங்கிவிடாமல் ஓட்டப் புறப்படுவேன். 50 மில்லிமீட்டர் முன்சக்கரத்தைக் காற்றில்லாத அதிகாலைகளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சக்கரங்களைப் பற்றிய கட்டுரை வெளியாகும்போது, அவற்றின் எடைக்கும் ஆழத்துக்கும் பக்கத்திலேயே ரிம்மின் உள் அகலம், ஏற்ற டயர் அளவு, உச்ச அழுத்தம், ஓட்டுபவரின் எடை வரம்பு ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். கட்டுரையாளர் என்ன எடை உள்ளவர், எந்தக் காற்றில் ஓட்டிப் பார்த்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். விற்பனையாளர்களும் தயாரிப்பாளர்களும் தங்கள் நாளிதழைப் பார்ப்பவர்களே. அந்த நான்கு எண்களைப் பெட்டிக்குள் ஒரு தாளில் வைப்பது அவர்களுக்கு மிகச் சிறிய வேலை.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்